நரகத்துக்குப் பயந்துதான் கும்பிடுகிறார்களா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்றைய தலைப்பு கொஞ்சம் சூடானது. கிறிஸ்தவர்கள் கடவுளை நம்புவது அன்பினாலா, நரகத்துக்குப் பயந்தா? இந்தக் கேள்வியைக் கேட்க வெளியூரிலிருந்து அறிஞர்கள் வரவேண்டியதில்லை. நம் வீடுகளுக்குள்ளேயே கேட்கிறார்கள்.

காஜாங் என்றதும் எல்லாருக்கும் சாத்தே நினைவுக்கு வரும். அந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். பிறகு தோட்டங்கள் தாமான்கள் ஆயின. லயத்தில் ஒன்றாக இருந்த குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போயின. இன்று ஒரு வீட்டில் சாமி மேடை, அடுத்த வீட்டில் சிலுவை. ஏன், ஒரே குடும்பத்தில் அண்ணன் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பார். தங்கை ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடைவீட்டு மாடியில் இருக்கும் சபைக்குப் போவார். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். நூற்றுக்கு ஆறுதானே என்று விட்டுவிட முடியாது. அந்த ஆறு பேரில் பலருக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் அந்த 86க்குள் இருக்கிறார்கள்.

அண்ணன் கேலியாகக் கேட்பார்: “ஏம்மா, நரகத்துக்குப் போயிடுவேன்னு பயம் காட்டித்தானே உன்னை இழுத்தாங்க?” தங்கை கோபப்படுவார், அல்லது பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். பேச்சு அதோடு நின்றுவிடும். நின்றுபோன அந்தப் பேச்சை இங்கே தொடர்ந்து பார்ப்போம்.

அண்ணன் கேட்பதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கிறிஸ்தவப் பிரசங்க மேடையில் நரகத்துக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. 1741ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் என்ஃபீல்டு என்ற ஊரில் ஜோனதன் எட்வர்ட்ஸ் என்ற போதகர் ஒரு பிரசங்கம் செய்தார். கோபம் கொண்ட கடவுளின் கையில் மனிதன், நெருப்புக்கு மேலே பிடிக்கப்பட்ட பூச்சியைப் போலத் தொங்குகிறான் என்று வர்ணித்தார். கேட்டவர்கள் அலறினார்கள், அவரால் பிரசங்கத்தை முடிக்கவே முடியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரத்தைப் பாருங்கள். இன்றிரவு நீங்கள் இறந்துபோனால் எங்கே போவீர்கள் என்று கேட்கிறது. வேலை முடிந்து களைத்துப்போய் வீடு திரும்புகிறவரிடம் கேட்கிற கேள்வியா அது!

ஆனால் நரகம் என்ற சொல்லைக் கிறிஸ்தவர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை. தமிழனுக்கு நரகம் பழைய சங்கதி. திருவள்ளுவர் அதை ‘அளறு’ என்கிறார். கருட புராணத்தில் எமலோகத் தண்டனைகளின் பட்டியலே இருக்கிறது. எண்ணெய்க் கொப்பரையைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ்ப் பிள்ளை உண்டா? பாதிரிமார்கள் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது இந்தப் பழைய சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. இந்து சமயத்தில் நரகம் என்பது சிறைத்தண்டனை மாதிரி. பாவக் கணக்கு தீர்ந்ததும் வெளியே வந்து மறுபடி பிறக்கலாம். பெரும்பாலான கிறிஸ்தவ சபைகள் போதித்த நரகத்துக்கு விடுதலைத் தேதி கிடையாது. சொல் ஒன்றுதான், காலம் வேறு. தங்கை சபையில் ‘நரகம்’ என்று கேட்பதும், அண்ணன் கோயில் கதாகாலட்சேபத்தில் ‘நரகம்’ என்று கேட்பதும் ஒன்றல்ல. இது தெரியாமல்தான் இருவரும் சண்டை போடுகிறார்கள்.

சரி, இந்தப் பயத்தினால்தான் தமிழர்கள் கிறிஸ்தவர்களானார்களா? வரலாறு வேறு கதை சொல்கிறது.

முத்துக்குளித்துறையில் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். சுமார் 20,000 பேர் என்று கணக்கு. முத்துக்குளிக்கும் உரிமைக்காகக் கடலில் கடும் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்குப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்து சேர்ந்ததே 1542இல்தான். அதற்குள் ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. மந்திரங்களும் கற்பனைகளும்தான் பாக்கி. அவர் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். அதாவது நரகத்தைப் பற்றிய பாடம் பின்னால் வந்தது. ஆட்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிய உரிமை கேட்டுப் போராடினார்கள். 1859இல்தான் மன்னரின் பிரகடனம் வந்தது. அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்கள் கிறிஸ்தவர்களாகியிருந்த பெண்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவை வாட்டி எடுத்தது. அப்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சி ஊற்றிய கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. பசித்தவனை ஏளனம் செய்ய வயிறு நிறைந்தவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? மார்பை மூடக்கூடாது, பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது, கோயில் தெருவில் நடக்கக்கூடாது என்று வாழ்ந்தவர்களுக்குச் செத்த பிறகு வரும் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் இருந்த இடமே அதுதான். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேர் சொல்லி மரியாதையாக அழைக்கும் ஒரு மனிதர், இவைதான் அவர்களை அழைத்து வந்தன.

இங்கே மலேசியாவிலும் நிலைமை அதிகம் மாறுபடவில்லை. சபைகளில் ‘சாட்சி’ சொல்கிறார்களே, அதைக் கூர்ந்து கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் தீர்ந்தது, கணவர் குடியை விட்டார், நின்றுபோன வேலை கிடைத்தது, குண்டர் கும்பலில் இருந்த மகன் திரும்பி வந்தான். பெரும்பாலான சாட்சிகள் இப்படித்தான் போகும். நரகத்தைக் கனவில் கண்டு ஓடிவந்தேன் என்பவர் எப்போதாவது ஒருவர்.

பயத்தில் தொடங்கியவர்கள் இல்லாமலும் இல்லை. திருநெல்வேலி கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட காப்பியம் ‘இரட்சணிய யாத்திரிகம்’. ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் எழுதிய கதையைத் தழுவியது. அழியப்போகும் ஊரிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடுகிறான் ஒருவன். அங்கேதான் கதை ஆரம்பம். ஆனால் பயம் அவனை ஊர் எல்லைவரைதான் கொண்டுவந்து விடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை படலம், எத்தனை பாட்டு! ஓடுகிறவன் திரும்பிப் போய்விடாமல் நடந்துகொண்டே இருப்பதற்குப் பயம் மட்டும் போதாது என்பது பனியனுக்கும் தெரியும், கிருஷ்ண பிள்ளைக்கும் தெரியும்.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயத்தை வெகு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. செய்த பாவத்துக்காக வருந்துவதில் இரண்டு வகை. கடவுளை நேசித்து, அவரை நோகடித்துவிட்டோமே என்று வருந்துவது ஒன்று. அதற்கு உத்தம மனஸ்தாபம் என்று பெயர். தண்டனைக்குப் பயந்து வருந்துவது இன்னொன்று. அது குறைவுள்ள மனஸ்தாபம். குறைவுள்ளதுதான், ஆனாலும் வீண் அல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு வர அது உதவும் என்று 1551இல் திரெந்து பொதுச்சங்கம் முடிவு செய்தது. பள்ளிக்கூட வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து அரிச்சுவடி படிக்கிற பையனை வகுப்பிலிருந்து விரட்டக்கூடாது, ஆனால் கடைசிவரை பிரம்புக்காகவே படித்தால் அது படிப்பும் அல்ல என்கிற நியாயம்.

காஜாங் திருக்குடும்ப ஆலயத்துக்குத் தமிழ்த் திருப்பலிக்கு வரும் பாட்டிமார்களைக் கேளுங்கள். பழைய உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் தமிழ் மந்திரத்தில் கடவுள் நன்மையே உருவானவர் என்பதுதான் வருத்தத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கடைசியில் மோட்சம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வருகிறது. நரகம் என்ற சொல்லே அதில் கிடையாது! தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் இதைச் சொன்னவர்களைப் பார்த்து, பயந்துதான் கும்பிட்டீர்கள் என்றால் அவர்கள் சிரிப்பார்கள்.

இதே மனம் மற்ற இடங்களிலும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் 1628இல் அச்சேறிய, இயற்றியவர் பெயர் தெரியாத ஒரு கவிதை இருக்கிறது. மோட்சமே இல்லாவிட்டாலும் உம்மை நேசிப்பேன் என்று சிலுவையில் தொங்குகிறவரிடம் சொல்லும் கவிதை. நீண்ட காலம் அதைச் சவேரியாரின் பெயரில் ஏற்றிச் சொன்னார்கள். பஸ்ராவில் வாழ்ந்த ராபியா அம்மையார் ஒரு கையில் நெருப்பும் மறுகையில் தண்ணீருமாக நடந்த கதையை முஸ்லிம் அன்பர்கள் அறிவார்கள். சொர்க்கத்தைக் கொளுத்தி நரகத்தை அணைத்துவிட்டால் கடவுளைக் கடவுளுக்காகவே வணங்குவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். நம் அப்பர் சுவாமிகளோ, அரசன் ஆளனுப்பியபோது எமனுக்கும் அஞ்சோம், நரகத் துன்பமும் நமக்கில்லை என்று மறுமாற்றத் திருத்தாண்டகத்தில் பாடிவிட்டார். பக்தி முற்றினால் எல்லா ஊரிலும் ஒரே பேச்சுதான் போலிருக்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் இதை எண்களாலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2021இல் கேட்டபோது 73 விழுக்காட்டினர் மோட்சம் உண்டு என்றார்கள். நரகம் உண்டு என்றவர்கள் 62 விழுக்காடு. பயம்தான் நம்பிக்கைக்கு வேர் என்றால் நரகத்தை விட்டுவிட்டு மோட்சத்தை மட்டும் வைத்துக்கொள்ள எப்படி முடிகிறது? ஷாரிஃப், ரெம்துல்லா என்ற இருவர் 2012இல் 67 நாடுகளின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தார்கள். நரகத்தை நம்புகிறவர்கள் அதிகமுள்ள நாடுகளில் குற்றம் குறைவு. மோட்சத்தை நம்புவது மட்டும் மேலோங்கிய இடங்களில் குற்றம் அதிகம். அண்ணன் உடனே கைதட்டுவார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஷாரிஃப் இன்னொருவருடன் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், நரக நம்பிக்கை மிகுந்த இடங்களில் மனமகிழ்ச்சி குறைவு என்று தெரிந்தது. இரண்டும் சேர்ந்து நடக்கின்றன என்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பயம் கையைக் கட்டலாம், மனதை நிரப்பாது என்ற அளவுக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

வேதாகமத்தையே திறந்து பார்ப்போம். புதிய ஏற்பாட்டில் நரகம் என்று பெயர்க்கப்படும் ‘கெஹென்னா’ என்ற சொல் 12 இடங்களில் வருகிறது. அது எருசலேமுக்குத் தெற்கே இருந்த இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். பழைய அரசர்கள் காலத்தில் பிள்ளைகளை நெருப்பில் பலி கொடுத்த பயங்கரமான இடம். அந்த 12இல் 11 இயேசு பேசியவை. யாரைப் பார்த்துப் பேசினார்? அயல் மதத்தாரைப் பார்த்தா? பெரும்பாலும் சொந்த சீடர்களையும், பக்திமான்கள் என்று பேர் எடுத்த பெரியவர்களையும் பார்த்து. லூக்கா நற்செய்தியில் பாதாளத்தில் வேதனைப்படுகிறவன், வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கண்டும் காணாமல் விருந்துண்ட செல்வந்தன். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நெருப்புக்கு அனுப்பப்படுகிறவர்கள், பசித்தவனுக்குச் சோறு போடாதவர்கள், சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்க்காதவர்கள். காஜாங்கில் பெரிய சிறைச்சாலையே இருக்கிறது. அதன் சுவரை ஒட்டி ஞாயிற்றுக்கிழமை காரில் சபைக்குப் போகிறவர்கள் அந்த அதிகாரத்தை எப்படி வாசிப்பார்களோ! நரகத்தைப் பற்றிய எச்சரிக்கையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வைப்பதற்கு முன்னால், அது யார் முகவரிக்கு எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் விஷயம் இப்படி. பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைக்கு உருவகம் தெரியாது. அக்கினிக்கடல் என்றால் அக்கினிக்கடல்தான். ஞாயிறு பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, விளக்கை அணைக்காதே அம்மா என்று அழும் பிள்ளைக்குக் கடவுள் அன்பானவர் என்ற பாடம் எப்படி ஏறும்? சாமி கண்ணைக் குத்தும் என்று சோறு ஊட்டுகிற இந்து வீட்டுக்கும் இது பொருந்தும். பயத்தில் வளர்ந்த பிள்ளை பதினெட்டு வயதில் பயம் விட்டதும் கடவுளையும் சேர்த்து விட்டுவிடுகிறது. பூரண அன்பில் பயத்துக்கு இடமில்லை என்று யோவான் தன் முதல் நிருபத்தில் எழுதியது ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான்.

இதுவரை பேசியது எல்லாம் தனக்காகப் படும் பயம். இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. தங்கை பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போனதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். அப்பா இந்துவாகவே இறந்துபோனார். அவர் இப்போது எங்கே இருக்கிறார்?

தீபாவளிக்கு முதல் நாள் பல மலேசியத் தமிழ் வீடுகளில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். அப்பாவுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிப் பிரட்டல், முறுக்கு, சில வீடுகளில் ஒரு போத்தல் பியர்கூட இலைக்குப் பக்கத்தில் இருக்கும். அண்ணன் கற்பூரம் காட்டுவார். மதம் மாறிய தங்கை சற்றுத் தள்ளி நிற்பார். படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று சில சபைகளில் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடாததை அண்ணன் மன்னித்துவிடுவார். ஆனால், “அப்போ நம்ம அப்பா நரகத்திலா இருக்கார்னு நீ நம்புற?” என்று கேட்டுவிட்டால், அந்தக் குடும்பம் அதற்கு மேல் எப்படி ஒரே மேசையில் உட்காரும்?

இந்தக் கேள்வி சவேரியாரையே கலங்க வைத்த கேள்வி. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்து, 1545இல் மலாக்காவுக்கு வந்து, 1549இல் ஜப்பான் போய்ச் சேர்ந்தவர் அவர். 1553இல் அவருடைய உடல் சில மாதங்கள் மலாக்கா குன்றின் மேலுள்ள ஆலயத்தில் புதைக்கப்பட்டிருந்தது. ஜப்பானிலிருந்து திரும்பி 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அங்கே புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் இறந்துபோன தாய் தகப்பனுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அழுகிறார்கள், நரகத்திலிருந்து அவர்களை மீட்க வழியில்லையா என்று கேட்கிறார்கள், வழியில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது, நண்பர்கள் அழுவதைப் பார்த்துத் தனக்கும் வேதனையாக இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறார். கவனியுங்கள். அவர்களுக்குத் தங்களைப் பற்றிப் பயம் இல்லை. தாங்கள் தப்பித்துக்கொண்டோம், அப்பா மாட்டிக்கொண்டாரே என்ற துக்கம். அந்தக் காலத்துப் போதனையில் அவர்களுக்குக் கொடுக்க ஆறுதல் இல்லை. சவேரியார் பொய் சொல்லவும் இல்லை, கல்மனதாக இருக்கவும் இல்லை. அவருடைய கடிதங்களில் மனதை உலுக்குகிற பகுதி இதுதான்.

நானூறு ஆண்டுகள் கழித்துக் கத்தோலிக்கத் திருச்சபை வேறு பதில் சொன்னது. 1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதிருந்தும், மனச்சாட்சியின்படி நேர்மையாக வாழ்கிறவர்களும் மீட்புப் பெற முடியும் என்றது. 1999 ஜூலையில் போப் இரண்டாம் ஜான் பால், நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிட, தானாகவே விரும்பிக் கடவுளை விட்டு முற்றிலும் விலகிக்கொள்கிற ஒரு நிலை என்று விளக்கினார். புரொட்டஸ்டண்ட் சபைகளில் ஒரே பதில் கிடையாது. விசுவாசிக்காதவர் எல்லாரும் அழிவுதான் என்று உறுதியாகச் சொல்லும் சபைகள் உண்டு. செவந்த் டே அட்வெண்டிஸ்டுகள் முடிவில்லாத வேதனை என்பதை ஏற்பதில்லை. ஜான் ஸ்டாட் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் போதகரும் 1988இல் அந்தப் பக்கம் சாய்ந்து எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். தீர்ப்பு நம் கையில் இல்லை, கடவுள் கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் போதகர்களும் உண்டு. சாவு வீட்டில் அதற்கு மேல் பேசுகிறவர் ஊழியமும் செய்யவில்லை, உபகாரமும் செய்யவில்லை.

ஆகவே அண்ணனின் கேலிக்கு வரலாறு இல்லை என்கிறது, பழைய மந்திரம் இல்லை என்கிறது. அண்ணன் படையல் முன்னால் கேட்ட இரண்டாவது கேள்வியைத்தான் சபைகள் பொறுப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும். நரகத்தைப் பற்றி மேடையில் முழங்குகிறவர், எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருடைய அம்மா அப்பா சாமி மேடைக்கு முன்னால் கண்மூடியவர்கள் என்று எண்ணிப் பார்த்துப் பேசட்டும். தங்கையும் அண்ணனிடம், அப்பாவைப் பற்றித் தனக்கு என்ன நம்பிக்கை என்பதை வாய் திறந்து சொல்லிவிடலாம். மௌனத்தை அண்ணன் வேறு மாதிரி அர்த்தப்படுத்திக்கொள்கிறார்.

கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பல ஆண்டுகளில் தீபாவளியை ஒட்டியே வரும். இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி ஆலயத்தில் கொடுப்பார்கள். ஞானஸ்நானம் பெறாத தகப்பனாருக்காக வேண்டிக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த நான்காம் நற்கருணை மன்றாட்டில், யாருடைய விசுவாசத்தைக் கடவுள் ஒருவர் மட்டுமே அறிவாரோ அந்த இறந்தவர்களுக்காகவும் ஒரு வேண்டுதல் இருக்கிறது. முனியாண்டி என்றோ மாரியம்மாள் என்றோ அந்தத் தாளில் ஒரு பெயரை எழுதலாம்.